கேசட் அட்டையில் மூன்று பேர்

அந்தப் படத்தில் இருப்பது மூன்று பேர். எடுத்தபோது நின்றது நான்கு பேர். நான்காவது ஆள் எப்படிப் போனான் என்பது ஜேசுராஜ் ஒருவருக்குத்தான் தெரியும். பதினெட்டு வருஷமாக அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொரு வருஷமும் ஈஸ்டரை ஒட்டிய பாஸ்கா காலத்தில் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மண்டியிட்டு, கோபப்பட்டேன் சாமி, பொய் சொன்னேன் சாமி என்று பொதுவாக ஒப்பித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார். இந்த விஷயம் பாவத்தில் சேராது, தொழிலில் சேரும் என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதி வைத்திருந்தார். அப்படித் தீர்ப்பு எழுதிக்கொண்டவருக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். வரவில்லை.

ரங்கூனில் அவரை ஜேசுராஜ் என்று கூப்பிடுகிறவர்கள் மனைவி செலினும் கோயில் ஆட்களும்தான். மற்ற எல்லாருக்கும் அவர் ஊ ஸேயா; ஊ என்பது ஐயா மாதிரி. தாய்வழியில் கரேன் மலைச்சாதி இரத்தம்; நிறமும் கண்ணும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன. இருபது வயதில் ஸேயா என்று பேர் வைத்துக்கொண்டபோது யாரும் சந்தேகப்படவில்லை. பர்மாவில் தமிழர்கள் பர்மியப் பேரும் வைத்துக்கொள்வது ஊர்வழக்கம், அதில் குற்றமில்லை. ஜேசுராஜ் ஒரு படி மேலே போனார். வெளியில் யாராவது தமிழில் பேசினால் புரியாத முகம் காட்டினார்.

மிஷன் பள்ளியில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, மகனும் மேஜை நாற்காலி வேலைக்குப் போவான் என்று நம்பியிருந்தார். படிப்பு ஏறவில்லை. கியாக்டடா பேட்டையில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் ரீடச் வேலைக்குச் சேர்ந்தார். நெகட்டிவின்மேல் பென்சிலால் தீட்டினால் படத்தில் அந்த இடம் வெளுக்கும். பிளேடு நுனியால் சுரண்டினால் கறுக்கும். இவ்வளவுதான் வித்தை. கல்யாணப் பெண்களின் முகத்தை வெளுக்கவைப்பதில் அவர் கை பேர் வாங்கியது. வெளுக்கவைக்கத் தெரிந்த கைக்குக் கறுக்கவைக்கவும் தெரியும் என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ரங்கூன் பையன்களை ராப் பைத்தியம் பிடித்தது. கப்பல் வேலைக்குப் போன யாருடைய அண்ணனோ கொண்டுவந்த ஒரே கேசட் நூறு கை மாறித் தேயும். இரண்டு ஆள் நுழைகிற மாதிரிக் கால்சட்டை தைக்கச் சொன்னால் தையல்காரர் வைவார். இது பாட்டா, வாய்ச்சண்டையா என்று பெரியவர்கள் கேட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜேசுராஜ் பார்த்தார். ஸ்டூடியோவின் பழைய இரட்டைக்கண் காமிராவைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு டீக்கடை, மொட்டைமாடி, ஓட்டல் ஹால், தண்ணீர்த் திருவிழா மேடை என்று அவர்கள் போன இடமெல்லாம் போனார். தண்ணீர்த் திருவிழாவில் காமிராவுக்குப் பாலிதீன் பை கட்டி, கண்ணாடிக்கு மட்டும் ஓட்டை விட்டு எடுத்த படங்களில் பாதிக்குமேல் தண்ணீர்தான் தெரியும். மீதியில் அந்தப் பையன்கள் இருந்தார்கள். பிறகு கேசட் அட்டை, பத்திரிகை அட்டை, கரோக்கே வீசிடிகளுக்கான பாட்டுக் காட்சிகள், கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிய போஸ்டர்கள் என்று கைக்கு வந்ததையெல்லாம் செய்தார். இப்போது நாற்பத்தேழு வயதில் அத்தனையையும் சேர்த்து முதல் பெரிய கண்காட்சி. சுவரில் படங்கள், மூலையில் பழைய டெக்கில் பாட்டு, திரைபோட்ட அறையில் வீடியோ, கூடவே ஒரு கனமான புத்தகம்.

எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தப் படம். இரண்டாயிரத்து ஒன்றில் வந்த ‘மீயத்தா’ குழுவின் முதல் கேசட் அட்டை. மீயத்தா என்றால் ரயில். மேடை இருட்டின்முன் ஒரு பையன், தள்ளி இரண்டு பையன்கள், நடுவே ஒரு ஆள் அகலத்துக்கு வெறும் கறுப்பு. அந்தக் கறுப்புக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. பேச முடியாத ஒரு நாட்டின் வாய் அது என்று வெளிநாட்டுக்காரர் ஒருவர் எழுதினார். நடுவில் இடத்தைக் காலியாக விட்ட துணிச்சலுக்காகச் சிங்கப்பூரில் கூப்பிட்டு மேடையேற்றினார்கள். ஜேசுராஜ் தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம், அந்தக் காலத்தில் வேறு எப்படிப் பேசுவது என்றார். பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். இந்தப் பொய் விமானத்தில் போய் விமானத்தில் வந்தது.

அந்தக் கறுப்பில் பிரேம்நாத் நின்றிருந்தான்.

கண்காட்சி திறப்பதற்கு முதல்நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், அவனே படியேறி வந்தான். சூலே பகோடாவுக்கு இரண்டு தெரு தள்ளி, வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடத்தின் இரண்டாம் மாடி. கண்காட்சியை நடத்துகிற மிஸ்பா ஏணியில் நின்று ஆறடிப் படத்துக்கு மட்டம் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதுக்காரி. அவள் வீட்டிலும் ஒரு காலத்தில் தமிழ் இருந்தது. அவளுக்கு வா, போ, சாப்பிடு மட்டும் மிஞ்சியிருந்தது. வந்தவன் பஸ் டிரைவர் உடுப்பில் இருந்ததைப் பார்த்து, நாளைக்குத்தான் திறப்பு என்று பர்மியத்தில் சொன்னாள். அவன் அவளைத் தாண்டி ஜேசுராஜைப் பார்த்தான்.

“அண்ணே, என்னைத் தெரியுதுங்களா? பிரேம்நாத்.”

தெரிகிறது என்று தலையாட்டினார். அவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மிங்கலாடோனிலிருந்து சூலே வரைக்கும் பஸ் ஓட்டுகிறானாம், பதினோரு வருஷமாக. அதற்குமுன் மாமனார் ஊரான த்வாண்டேயில் பானை சட்டி ஏற்றுகிற படகில் வேலை. நர்கீஸ் புயலில் குடிசை போனது, அதோடு கையில் இருந்த பழைய படங்கள், பாட்டு எழுதிய நோட்டு எல்லாம் போயின. சிக்னலில் நிற்கும்போது தெருமுனையில் கண்காட்சி பேனரைப் பார்த்திருக்கிறான். இரண்டு நடை போய்வந்து, மூன்றாவது நடையில் பஸ்ஸை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். இதையெல்லாம் சிரித்த முகத்தோடு சொன்னான். அந்த முகத்தில் கொஞ்சமாவது கோபம் இருந்திருந்தால் ஜேசுராஜுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பிறகு வந்த காரியத்தைச் சொன்னான். பதினான்கு வயதில் ஒரு மகள், தமிழரசி. பள்ளிக்கூடத்தில் பர்மியப் பேர் வைக்கச் சொன்னபோது மாட்டேன் என்று வைத்த பேர். பேர்தான் தமிழரசி, பேச்செல்லாம் பர்மியம். அப்பாவோடு மட்டும் எப்போதாவது தமிழ் வரும். அவளும் அவள் சிநேகிதிகளும் இப்போது பழைய ராப் பாட்டுகளைத் தேடித் தேடிக் கேட்கிறார்கள். மீயத்தாவில் நானும் இருந்தேன் என்று இவன் சொல்லியிருக்கிறான். அவள் போனில் தேடிப் பார்த்தாள். மூன்று பேர், மூன்று முகம். சிநேகிதிகள் முன்னால் இனிமேல் இதைச் சொல்லாதீர்கள் அப்பா, மானம் போகிறது என்றுவிட்டாள்.

“நெகட்டிவு உங்ககிட்டதானே இருக்கும் அண்ணே? மேல உள்ளவங்க அட்டையிலதான அழிச்சாங்க, நெகட்டிவ என்ன பண்ண முடியும்? நாளைக்கு அவளக் கூட்டிக்கிட்டு வர்றேன். நாலு பேரு நிக்கிறத அவ ஒரு தடவ கண்ணால பாத்துட்டா போதும்.”

பார்க்கிறேன் என்று பர்மியத்தில் சொன்னார் ஜேசுராஜ். அவன் படியிறங்கிப் போனபிறகு, யார் அது, உங்களுக்குத் தமிழ் தெரியுமா என்று மிஸ்பா கேட்டாள். பழைய ஆள் என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் வீட்டில் ஜன்னல் வெளிச்சத்தில் அந்த நெகட்டிவைப் பிடித்துப் பார்த்தார். சதுரமாக உள்ளங்கைக்குள் அடங்கும். படமெடுத்த அன்றைக்கு ஒரு சுருளில் பன்னிரண்டு எடுத்தார். நர்கீஸில் இவர் வீட்டுக் கூரையும் போய், பெட்டி நனைந்து, பதினொன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிட்டன. அட்டை அச்சடித்த அச்சகத்திலேயே கிடந்ததால் இது ஒன்று பிழைத்தது. பிழைக்கக்கூடாதது பிழைத்தது என்று பல தடவை நினைத்திருக்கிறார்.

பிரேம்நாத்துக்கு அப்போது இருபது வயது. அப்பா ரெங்கசாமி ரயில்வே தொழிற்சாலையில் பிட்டர், தாத்தாவும் ரயில்வே. குழுவுக்கு ரயில் என்று பேர் வைத்தவனே அவன்தான். ஊரைச் சுற்றும் வட்ட ரயிலில் ஏறி உட்கார்ந்துகொண்டு, தண்டவாளம் தட்டுகிற தட்டுக்கு வரி கட்டுவான். பர்மிய வார்த்தைகள் அவன் வாயில் ஓடி, வளைவில் நிதானித்து, மறுபடி ஓடும். கேசட்டின் முதல் பாட்டில் இரண்டாவது சரணம் அவனுடையது. மற்ற மூவரும் அவனுக்கு அப்புறம்தான் என்பது கேட்ட எல்லாருக்கும் தெரியும்.

அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தமிழ் ஆள் என்று மோப்பம் பிடித்துவிட்டால் தமிழில்தான் பேசுவான். ஒலிப்பதிவு நாளில் பத்துப் பேர் சுற்றி நிற்க, அண்ணே, சாப்ட்டிங்களா என்று ஜேசுராஜைக் கேட்டுவிட்டான். புரியாத முகம் காட்ட நேரமில்லை. ஆச்சுப்பா என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. தயாரிப்பாளர் சிரித்தார். ஓகோ, நம்ம ஸேயா கலாவா என்றார். கலா என்பது இந்திய முகங்களுக்குப் பர்மியர் வைத்திருக்கிற கேலிப்பேர். எல்லாரும் சிரித்தார்கள். அது கெட்ட சிரிப்புகூட இல்லை, ஒரு நிமிஷத்தில் மறந்துபோனார்கள். ஜேசுராஜ் மறக்கவில்லை. அன்றிலிருந்து எல்லாரும் தன்னை வேறு மாதிரிப் பார்ப்பதாக அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரம் தயாரிப்பாளர் வந்து, அட்டை தணிக்கைக்குப் போகவேண்டும், நான்கு முகத்துக்கு மனுப் போட்டால் இழுத்தடிப்பார்கள், மூன்றாக்கிவிடு என்றார். யாரை எடுக்க என்று கேட்டார் ஜேசுராஜ். உன் படம், உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். ஓரத்தில் நின்றவனை எடுப்பதாக இருந்தால் கத்தரியால் ஒரு நிமிஷ வேலை. ஜேசுராஜ் நெகட்டிவை விளக்குப் பெட்டியின்மேல் வைத்தார், புது பிளேடு பிரித்தார், நடுவில் நின்றவனின் உச்சந்தலையிலிருந்து ஆரம்பித்தார். பாதம்வரை சுரண்டி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது.

அட்டை வெளிவந்த அன்று பிரேம்நாத் ஸ்டூடியோவுக்கு ஓடிவந்தான். ஜேசுராஜ் பேசவில்லை, ஆள்காட்டி விரலை மேலே காட்டினார். அந்த வருஷங்களில் ரங்கூனில் விரலை மேலே காட்டினால் போதும். மேலிடம். அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள், கேட்கவும் கூடாது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதற்கு அதைவிட வசதியான காலம் கிடையாது. நீங்க என்னண்ணே பண்ணுவிங்க என்று அவன் அவரையே தேற்றிவிட்டுப் போனான். அட்டையில் மூன்று பேர் என்பதால் மேடைக்கும் மூன்று பேரைக் கூப்பிட்டார்கள். அடுத்த கேசட்டில் குரலும் மூன்றுதான். அந்த மூவரில் ஒருவன் இப்போது சிட்னியில், ஒருவன் மாண்டலேயில் கார் விற்கிறான், ஒருவன் சினிமா நடிகன். மூன்று என்று ஊர் முடிவு கட்டியபிறகு நான்காவதைப் பற்றிப் பேச அவர்களுக்கும் அவசரமில்லை.

செலின் தட்டோடு வந்து, ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டாள். நாளைக்கு ஒருத்தனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார். இருபது வருஷ வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவள் கேட்டதில்லை. யாரிடம், எதற்கு என்று துருவாமல், கேட்டுவிட்டு வந்து சாப்பிடுங்கள் என்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள். கேட்டுவிடவேண்டும் என்று அவர் அப்போதே முடிவு செய்துவிட்டார். அவனிடம் மட்டுமல்ல, திறப்பு விழா மைக்கில், எல்லார் முன்னாலும். முடிவு செய்தவுடன் உடம்பு லேசானது. அந்த லேசில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்குத் திறப்பு. இரண்டு மணிக்கே பிரேம்நாத் இஸ்திரி போட்ட சட்டையில் மகளோடு வந்துவிட்டான். ஒல்லியான பெண், அப்பாவின் நிறம், காதில் இயர்போன். ஆறடிப் படத்தின்முன் நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். இரும்மா, அண்ணன் இப்ப காட்டுவார் என்றான் அவன். மிஸ்பா அவளை வீடியோ அறைக்கு அழைத்துப் போனதும், ஜேசுராஜ் அவனைக் கீழே டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

நடைபாதையில் குட்டை ஸ்டூல்கள். மேஜைமேல் பால் போடாத வெறும் டீ ஃபிளாஸ்க். இரண்டு பேர் முழங்காலும் இடித்துக்கொள்கிற மாதிரி உட்கார்ந்தார்கள். சுற்றி எல்லாரும் பர்மியர்கள். ஜேசுராஜ் வீட்டுக்கும் கோயிலுக்கும் வெளியே பதினெட்டு வருஷத்தில் முதல்தடவையாகத் தமிழில் பேசினார்.

“நெகட்டிவு எந்த ஆபீசுக்கும் போகல பிரேம். அப்ப எங்கிட்டதான் இருந்துச்சு. நான்தான் உன்னைச் சுரண்டினேன்.”

பிரேம்நாத்தின் சிரிப்பு உடனே போகவில்லை. சொன்னது காதில் விழுந்து உள்ளே இறங்க நேரம் பிடித்தது.

“யாரு சொல்லி?”

“ஒருத்தர எடுக்கச் சொன்னாங்க. யாருன்னு சொல்லல. நானா உன்னை எடுத்தேன்.”

“ஏண்ணே?”

இதற்கு அவர் எத்தனையோ பதில் தயார் செய்து வைத்திருந்தார். படத்தின் அமைப்பு, வெளிச்சம், இருட்டு. உண்மை மட்டும் வந்தது.

“எல்லாரு முன்னாடியும் நீ என்னைத் தமிழ்ல கூப்பிட்ட. எனக்கு வெக்கமாப் போச்சு.”

பிரேம்நாத் தம்ளரை எடுத்தான், குடிக்காமல் வைத்தான். தெருவில் அவன் ஓட்டுகிற தடத்து பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பழக்கத்தில் அதன் நம்பரைப் பார்த்தான். ஓரத்தில் நின்றது வேறு ஆளாயிற்றே, அவனை வெட்டியிருக்கலாமே என்றான். வெட்டியிருக்கலாம் என்றார் ஜேசுராஜ். அவன் திட்டுவான், ஸ்டூலை உதைத்துவிட்டு எழுந்திருப்பான், ஓர் அறை விட்டால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தார். அவன் எதுவும் செய்யவில்லை. ஜேசுராஜால் அந்தச் சும்மா இருப்பைத் தாங்க முடியவில்லை. இன்றைக்கு மேடையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறேன், அழித்தது நான்தான் என்று சொல்லி உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று மளமளவென்று சொன்னார்.

“வேணாம்” என்றான் பிரேம்நாத். “நீங்க சொல்லி எறக்கி வச்சிட்டுப் போயிருவிங்க. அத நான் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போகணும்.”

ஜேசுராஜ் ஃபிளாஸ்க்கை எடுத்து அவன் தம்ளரில் ஊற்றப்போனார், அவன் தம்ளரைக் கையால் மூடிக்கொண்டான்.

“ஒரு கவர்மெண்டே என்னைப் பாத்துப் பயந்துச்சுன்னு சொல்லிக்கிட்டுத்தான் இத்தன வருசம் பஸ் ஓட்டறேன். டிப்போவுல சொல்வேன், பொண்டாட்டிகிட்ட சொல்வேன். பாட்டு போச்சுன்னாலும் அதுல ஒரு பெரும இருந்துச்சு. இப்ப என்ன சொல்றது? எம் பொண்ணு தமிழ் பேசறதே எப்பவாச்சும். அவகிட்டப் போயி, தமிழ்ல கூப்பிட்டதுக்காக ஒரு தமிழ் ஆளே உங்கப்பன அழிச்சிட்டாருன்னு சொல்லச் சொல்றிங்களா?”

கோபமில்லாமல், பயணியிடம் இறங்கவேண்டிய இடத்தைச் சொல்வது போலத்தான் சொன்னான். பழைய கதையே இருக்கட்டும் என்றான். அதை நீங்களே சொல்லுங்கள், நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள், நீங்கள் சொன்னால் நம்புவாள் என்றான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அன்றைக்கு அவன் அவரை அண்ணே என்று கூப்பிடவும் இல்லை.

மூன்று மணிக்கு அறை நிறைந்துவிட்டது. பத்திரிகைக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள், தொந்தி வைத்த பழைய ராப்காரர்கள் சிலர். மிஸ்பா ஜேசுராஜைப் புகழ்ந்து பேசிவிட்டு மைக்கைக் கொடுத்தாள். முன்வரிசையில் தமிழரசி இயர்போனைக் கழற்றிவிட்டு நின்றாள். பிரேம்நாத் கதவோரம் நின்றான்.

இந்தப் படத்தில் நான்காவதாக ஒருவர் இருந்தார் என்று ஜேசுராஜ் பர்மியத்தில் ஆரம்பித்தார். குழுவுக்குப் பேர் வைத்தவர் அவர், இரண்டாவது சரணம் அவருடைய குரல், பேர் பிரேம்நாத், இதோ கதவருகே நிற்கிறார் என்றார். தலைகள் திரும்பின. பிரேம்நாத் கூச்சத்தில் செருப்பைப் பார்த்தான்.

அப்போது யாரும் எதிர்பாராமல் அந்தப் பெண்ணே கேட்டாள். “யார் அழித்தது?”

பர்மியத்தில், தெளிவாகக் கேட்டாள். ஜேசுராஜுக்கு உண்மை தொண்டைக்கு வந்துவிட்டது. சொல்லிவிட்டால் தீர்ந்தது. இந்தக் கூட்டம் முகம் சுளிக்கும், பிறகு மனசாட்சி உள்ள மனிதர் என்று அதையும் எழுதும்; பாஸ்காவுக்குப் பாஸ்கா முழுங்கி வைத்தது வெளியே போகும். கதவோரம் பார்த்தார். பிரேம்நாத் தலையை நிமிர்த்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தணிக்கைக்காரர்கள் என்றார் ஜேசுராஜ். இவர் வரிகளுக்கு அவர்கள் பயந்தார்கள், முகமே வெளியே வரக்கூடாது என்று உத்தரவு, நெகட்டிவிலேயே சுரண்டவைத்துவிட்டார்கள் என்று சேர்த்துக்கொண்டார். பொய் சொல்வதில் அவருக்குப் பதினெட்டு வருஷப் பயிற்சி இருந்தது. குரல் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆனது. யாரோ மூலையில் இருந்த டெக்கைத் தட்டிவிட்டார்கள். பாட்டு ஓடி இரண்டாவது சரணத்துக்கு வந்தபோது, பிரேம்நாத்தை நடுவில் இழுத்துவிட்டார்கள். அவன் முதலில் வெறுமனே நின்றான். பிறகு உதடு அசைந்தது. நாலாவது வரியில் குரலும் வந்தது, கேசட்டில் ஓடுகிற இருபது வயதுக் குரலோடு ஒரு எழுத்து பிசகாமல், அதே வேகத்தில், அதே வளைவில் நிதானித்து. தமிழரசி அப்பாவின் வாயையே பார்த்தாள். அவள் கண் நிறைந்து வழிந்ததை அவள் துடைக்கவில்லை. ஜேசுராஜின் கழுத்தில் காமிரா தொங்கியது. இருபது வருஷமாக இந்தப் பாட்டுக்காரர்களின் எந்த நல்ல நிமிஷத்தையும் தவறவிடாத மனிதர், அதை எடுக்கவில்லை. அவனை எடுக்கத் தனக்கு யோக்கியதை இல்லை என்று இருந்தது.

பிரேம்நாத் சாயங்கால ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று மகளோடு கிளம்பிவிட்டான். வாசலில் நின்றவரைக் கடக்கும்போது தலையை மட்டும் அசைத்தான். மிஸ்பா ஈரக் கண்ணோடு வந்து, இத்தனை வருஷம் இதை எப்படித் தனியாகச் சுமந்தீர்கள் என்று கேட்டாள். திங்கட்கிழமைக்குள் படத்தின் கீழே புது விவரம் வந்துவிட்டது: நான்காமவர் பிரேம்நாத், தணிக்கை உத்தரவால் நீக்கப்பட்டார். பத்திரிகைகள் எழுதின. சிட்னியிலிருந்து ஒருவன் போனில் அழுதான். வீட்டில் செலின், மன்னிப்புக் கேட்டீர்களா என்று கேட்டாள். கேட்டேன் என்றார். பிறகு என்ன என்று தட்டை வைத்தாள். அவர் சாப்பிட்டார், சாப்பிடாமல் இருந்தால் அவள் மேலும் கேட்பாள்.

அடுத்த சனிக்கிழமை தமிழரசி மறுபடி வந்தாள், இந்தத் தடவை நான்கு சிநேகிதிகளோடு. அப்பா டூட்டியில் இருக்கிறாராம். படத்தின்முன் அவர்களை வரிசையாக நிறுத்தி, இங்கேதான், இங்கேதான் என்று கறுப்பைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். பிறகு ஜேசுராஜைக் கண்டுபிடித்து இழுத்துவந்து, நீங்கள் சொல்லுங்கள் என்றாள். அவர் சொன்னார். பேர் வைத்தது, ரயில், இரண்டாவது சரணம், உத்தரவு. நாலு பேர் கேட்டாலும் நாற்பது பேர் கேட்டாலும் இப்போது அது ஒரே மாதிரிதான் வந்தது.

சிநேகிதிகளில் கண்ணாடி போட்ட ஒருத்தி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, “அவரை அழித்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்றாள்.

ஜேசுராஜ் வாயைத் திறந்தார். அதற்குள் தமிழரசி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பர்மியத்தில் சிநேகிதிகளிடம், இவர்தான் அந்த நெகட்டிவைப் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருந்தார், இவர் இல்லையென்றால் எங்கள் அப்பாவைப் பற்றி யாருக்கும் தெரிந்தே இருக்காது என்றாள். பிறகு அவர் பக்கம் நிமிர்ந்து, அபூர்வமாக வருகிற தன் தமிழில், தட்டுத் தடுமாறிக் கேட்டாள்.

“அப்டித்தானே, பெரியப்பா?”

அவளுடைய சிநேகிதிகள் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

ஆமாம்மா என்று தமிழிலேயே சொன்னார் ஜேசுராஜ்.